அப்பா பெயரில் இருக்கும் காலி சைட்: டோக்கன் வாங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் அப்பா 1994-ல் பெங்களூரு ஹொரமாவில் 30-க்கு 40 சைட் ஒன்று வாங்கினார். வீடு கட்டாமலே 2016-ல் காலமாகிவிட்டார். உயில் இல்லை. அம்மா (68 வயது, தனி வருமானம் இல்லை), நான், துபாயில் வேலை செய்யும் தம்பி என மூன்று பேர் வாரிசுகள். கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) இன்னும் அப்பா பெயரில்தான். புரோக்கர் ஒருவர் 90 லட்சத்துக்கு ஆள் பிடித்திருக்கிறார். 55 லட்சம் பத்திரத்தில், மீதி கையில் என்கிறார்கள். இந்த வாரமே டோக்கன் தருவார்களாம். வாங்கலாமா?
– அல்சூர் வாசகி

பதில்: இப்போது வாங்காதீர்கள். விலை நல்ல விலையாகவே இருக்கலாம். ஆனால் இன்றைய நிலையில் அந்த சைட்டை உங்களால் பதிவு செய்து கொடுக்க முடியாது. மாநகராட்சி எல்லைக்குள் 2024 கடைசியிலிருந்து இ-கத்தா (மின்னணுக் கத்தா) இல்லாமல் கிரயப் பத்திரம் பதிவாவதில்லை. டோக்கனை வாங்கி ஒரு தேதியும் எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் காகிதங்களுக்காக நீங்கள் அலைய, தாமதத்தைக் காட்டி வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

முதல் வேலை, வாரிசுகள் பெயருக்குக் கத்தாவை மாற்றுவது. அப்பாவின் இறப்புச் சான்றிதழ், நாடகச்சேரியில் (உள்ளூர் வருவாய்த் துறை அலுவலகம்) வாங்கும் வம்சவிருட்ச (குடும்ப மர) சான்று, மூன்று பேரின் ஆதார், தாய்ப் பத்திரம், சொத்து வரி ரசீதுகள் வேண்டும். காலி இடத்துக்கும் வரி உண்டு. பல வருடமாகக் கட்டாமல் விட்டிருந்தால் வட்டியோடு கட்டிவிடுங்கள். 1994 முதல் இன்று வரை வில்லங்கச் சான்று எடுங்கள். பழைய வருடங்களுடையது ஆன்லைனில் வராவிட்டால் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் சைட்டை வேறொருவர் பெயருக்குப் பதிவு செய்யும் மோசடி இந்த ஊரில் புதிதல்ல. அது முதலில் தெரியும் இடம் இந்தச் சான்றுதான்.

ஏ-கத்தாவா (முறையான அனுமதி உள்ள சொத்து), பி-கத்தாவா (அனுமதியில் குறை உள்ளது) என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பக்கம் லேஅவுட் அனுமதி இல்லாத ரெவின்யூ சைட்டுகள் நிறைய. பி-கத்தாவாக இருந்தால் பேங்க் கடன் கிடைப்பது கஷ்டம், விலையும் அதற்கேற்ப இறங்கும். விலை பேசும் முன் இது தெரிந்தாக வேண்டும்.

சைட்டுக்காகப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். புதரை வெட்டி, நான்கு மூலையிலும் கல் நட்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று சர்வேயரை வைத்துப் பார்த்தால் போதும். காம்பவுண்டு சுவருக்குப் போடும் பணம் விலையில் திரும்பி வராது. புரோக்கருக்கு ஜெராக்ஸ் கொடுத்தால், ‘சரிபார்க்க மட்டும்’ என்று குறுக்கே எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். ஒரிஜினல் உங்கள் கையை விட்டுப் போகவே கூடாது.

கையில் தருவதாகச் சொல்லும் 35 லட்சத்துக்கு வருவோம். இதில் எனக்குச் சமரசமே இல்லை. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ரொக்கம் வாங்கியவர் என்ற முறையில் அது உங்கள் மூவர் தலையில்தான் விழும். கைடன்ஸ் வேல்யூ (பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) பத்திர விலையை விட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், வரித்துறை கைடன்ஸ் வேல்யூவையே விற்பனை விலையாக எடுத்துக்கொள்ளும். ஆக இதில் உங்களுக்கு மிஞ்சுவது அம்மாவின் வீட்டு அலமாரியில் கணக்கில்லாத ஒரு பணக்கட்டும் பயமும்தான். முழு 90 லட்சமும் பேங்க் வழியாக வரட்டும், மூன்று பேர் கணக்குக்கும் தனித்தனியாக.

முழுத் தொகையையும் கணக்கில் வாங்கினால் வரி எவ்வளவு? அப்பா வாங்கிய விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்; அது 2.5 லட்சம் என்று ஒரு மதிப்பீட்டாளர் சான்று தந்தார் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 87.5 லட்சம், ஒருவருக்கு 29.17 லட்சம். இண்டெக்சேஷன் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்துவது) இல்லாமல் 12.5 சதவீதம், செஸ் சேர்த்து ஒருவருக்குச் சுமார் 3.8 லட்சம். இண்டெக்சேஷனோடு 20 சதவீதம் என்ற பழைய வழி உங்களுக்கும் அம்மாவுக்கும் உண்டு. ஆனால் இந்தக் கணக்கில் அதில் வரி கூடுகிறது.

தம்பி விஷயத்தில்தான் பல விற்பனைகள் கடைசி நேரத்தில் சிக்கிக்கொள்கின்றன. மொத்த விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் உங்கள் பங்கிலும் அம்மா பங்கிலும் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். வெளிநாட்டில் வசிக்கும் தம்பிக்கு அந்த 1 சதவீதம் பொருந்தாது. அவர் பங்கான 30 லட்சத்தில் செஸ்ஸோடு 13 சதவீதம், அதாவது 3.9 லட்சம் பிடிக்க வேண்டும். இதை வாங்குபவரிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். தம்பி லாபத்தை 54இசி பாண்டில் (வரி விலக்குத் தரும் அரசு நிறுவனக் கடன் பத்திரம்) போட்டு வரியைத் தவிர்க்கப் போகிறார் என்றால், குறைந்த டிடிஎஸ் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கட்டும். பதிவுக்கு அவரால் வர முடியாவிட்டால், இந்த ஒரு சைட்டை விற்க மட்டும் என்று பவர் பத்திரம் எழுதி, துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம். அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

அம்மாவின் பங்கை யாரும் ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு வருமானம் இல்லாததால் புதிய வரி முறையின் 4 லட்ச விலக்கு அவருடைய லாபத்தில் கழியும், வரி சுமார் 3.27 லட்சமாகக் குறையும். 6 மாதத்துக்குள் 54இசி பாண்டில் போட்டால் அந்த வரியும் இல்லை. ஆனால் வட்டி 5.25 சதவீதம், பணம் 5 வருடம் முடங்கும். வரியைக் கட்டிவிட்டு மீதி 26.7 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்தில் போட்டால் வருடம் சுமார் 2.19 லட்சம் வரும். பாண்டில் 1.53 லட்சம்தான். ஆனால் பாண்டில் வரி மிச்சமாவதால், ஐந்து வருடக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம். 68 வயதில் அவசரத்துக்கு எடுக்க முடிகிற பணமும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர் கணக்கில் விழும் வட்டியும்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதனால் அம்மாவுக்குச் சேமிப்புத் திட்டத்தையே சொல்வேன். சம்பளக்காரரான தம்பிக்குப் பாண்டு பொருந்தலாம். உங்கள் பங்கில் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், அந்த வரிச் சலுகைக்கு லாபத்தை மட்டும் போட்டால் போதாது, விற்ற தொகை முழுவதையும் வீட்டில் போட வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.