கடைசி வரி வரை படிக்க முடிந்தால் கண் நலம்தானா?

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று வருடங்களாகக் கண்ணாடிக் கடையிலேயே பவர் பார்த்து, கண்ணாடி மாற்றிக்கொள்கிறேன். பார்வை தெளிவாக இருக்கிறது. அம்மாவுக்கு குளுக்கோமா இருப்பதால் நானும் முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். சொட்டு மருந்து விட்டால் அரை நாள் வேலை கெடுமே, அவசியம்தானா?

பதில்: அவசியம்தான். குளுக்கோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சிதைக்கும் நோய்; குடும்பத்தில் தொடரக்கூடியது. அம்மாவுக்கு அது இருக்கிறது என்ற ஒரு காரணமே போதும்.

கடையில் நீங்கள் படித்த எழுத்துப் பலகை 1862-ல் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் வடிவமைத்த முறையில் வந்தது. நேரே பார்க்கும்போது எவ்வளவு சிறிய எழுத்து தெரிகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். பரவலாகக் காணப்படும் குளுக்கோமா வகையோ ஓரப் பார்வையில்தான் கைவைக்கும். வலி இருக்காது, கண் சிவக்காது. ஒரு கண் தவறவிடுவதை மறு கண் பிடித்துக்கொள்ளும். மிச்ச இடைவெளியை மூளையே இட்டு நிரப்பிவிடும். அதனால் 6/6, அதாவது இயல்பான பார்வைக்குரிய வரியைப் படிப்பவருக்கும் பார்வை நரம்பு பாதி பழுதாகியிருக்கலாம். போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை. இருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை.

‘கண்ணில் காற்று ஊதி அழுத்தம் பார்த்தார்களே’ என்று சிலர் கேட்பார்கள். 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு (mmHg) வரை இயல்பான அழுத்தம் என்போம். ஆனால் அழுத்தம் இந்த அளவுக்குள் இருந்தும் குளுக்கோமா வருவதுண்டு. கருவிழி (கண்ணின் முன்புறத் தெளிவான படலம்) மெலிதாக இருந்தால், கருவி காட்டும் எண்ணும் உண்மையைவிடக் குறைவாக வரும். ஆகவே பார்வை நரம்பை நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

சொட்டு மருந்து அதற்குத்தான். சுருங்கிய கண்மணி வழியாக உள்ளே பார்ப்பது சாவித்துவாரம் வழியாக வீட்டைப் பார்ப்பது போல. மருந்து விட்டதும் 20, 30 நிமிடத்தில் கண்மணி விரியும். நரம்போடு விழித்திரையின் ஓரங்களும் அங்குள்ள ரத்தக் குழாய்களும் தெரியும். அப்புறம் நாலு முதல் ஆறு மணி நேரம் கிட்டத்து எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். மருத்துவரிடம் மாலை நேரமாகப் பார்த்து முன்பதிவு வாங்குங்கள், வேலை கெடாது. கறுப்புக் கண்ணாடி கையில் இருக்கட்டும்; வண்டியை மட்டும் நீங்கள் ஓட்ட வேண்டாம்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை? பொதுவாக 40 வயதில் ஒரு முழுப் பரிசோதனை செய்து கணக்கைத் தொடங்கச் சொல்வோம். உங்களுக்கு ஏற்கெனவே ஆறு வருடம் தாமதம். அடுத்தது எப்போது என்பதை முதல் முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்வார். சர்க்கரை நோய் இருந்தால் இந்தக் கணக்கே வேறு: பார்வை எப்படி இருந்தாலும் வருடம் ஒருமுறை.

போகும்போது பழைய கண்ணாடியையும் மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ மாத்திரையோ எப்போதாவது பயன்படுத்தியிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், அது கண் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அம்மாவுக்கு எந்த வயதில் நோய் தெரிந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால், அவர்களும் இதே பரிசோதனைக்கு வர வேண்டியவர்கள்தான்.