வாடகையிலேயே இஎம்ஐ அடைந்துவிடுமா?

கையில் எட்டு லட்சம் இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கிச் சென்னைப் புறநகரில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா, வாடகையிலேயே இஎம்ஐ அடைந்துவிடும் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. 2018-ல் ஒரு புரோக்கர் என்னிடமும் இதையேதான் சொன்னார். நீங்கள் மாதச் சம்பளக்காரர், இது உங்கள் முதல் முதலீடு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் கணக்கு இது. ஊரப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட், பழைய வீடு, 38 லட்சம். கடன் 30 லட்சம், வட்டி 8.75 சதவீதம், 20 வருடம். தவணை மாதம் 26,500 ரூபாய் சொச்சம். வந்த வாடகை 11,000. முதல் தவணையில் 21,875 ரூபாய் வட்டிக்கே போனது. மாதாமாதம் 15,500 ரூபாயை என் சம்பளத்திலிருந்து போட்டேன்.

இது போக, பத்திரச் செலவுக்கு வங்கி கடன் தராது. அப்போது தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். நாலு லட்சத்துக்கு மேல் கைக்காசு போனது. 2023-ல் பதிவுக் கட்டணத்தை 2 ஆக்கிவிட்டார்கள், ஆனால் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு வைக்கும் விலையை, ஏற்றிவிட்டார்கள். ஆக, 42 லட்சம் முடங்கிக் கிடக்க, வருடத்துக்கு வந்தது 1,32,000. மூன்று சதவீதம்தான்.

உடனே சிலர் வருவார்கள், "வீட்டு விலை ஏறியிருக்குமே, அதைச் சொல்லவில்லையே" என்று. ஏறியிருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஏறிய விலை இருபதாம் தேதி வங்கிக் கணக்கில் வந்து விழாது. தவணைதான் ஐந்தாம் தேதி கழியும். வீடே வாங்காதீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த வீடு இருக்கிறது.

எனக்கு வலித்தது அட்வான்ஸ் விஷயத்தில். முதல் வாடகைதாரர் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த தம்பி. மனைவி, ஐந்து வயதுப் பையன். ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், 1,10,000 ரூபாய் வாங்கினேன். வாங்கிய ஆறு மாதத்தில் கப்போர்டு வேலைக்கும் என் வீட்டுச் செலவுக்குமாக அது கரைந்துவிட்டது. யாரும் கேட்கப்போவதில்லை என்ற நினைப்பு.

2020 ஏப்ரலில் அவருக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. அப்போதும் வாடகை தேதி தவறவில்லை. 2021 ஜனவரியில் அவர் அப்பா பக்கவாதத்தில் விழுந்துவிட, விழுப்புரத்துக்கே போகிறோம் என்று ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டார். சாவி வாங்கப் போனேன். கையில் காசில்லாததால், எதைச் சொல்லிக் கழிக்கலாம் என்றுதான் என் கண் தேடியது. ஆணி அடித்த ஓட்டைகளை எல்லாம் வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்திருந்தார். அடுப்பு மேடையை அந்தப் பெண் தேய்த்துக் கழுவியிருந்தாள், ஈரம் காயவில்லை. இரண்டரை வருடத்துக் கரண்ட் பில் ரசீதுகளைத் தேதி வாரியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். அப்படியும் நான், "பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது வழக்கம் தம்பி" என்றேன். அவர் சண்டை போடவில்லை. "சரி சார், மிச்சம் எப்ப தருவீங்க? ஆஸ்பத்திரிக்குக் கட்டணும்" என்றார்.

மறுநாள் காலையில் என் மனைவி நாலு பவுன் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்து, பெயின்ட்டுக்குப் பிடிக்காமல் முழுப் பணத்தையும் அனுப்பினேன். அந்தச் செயினை மீட்க பதினாலு மாதம் ஆயிற்று. அதற்குள் வீடு நாலு மாதம் காலியாகக் கிடந்தது. தவணையோடு அசோசியேஷன் பராமரிப்புக் காசு 2,000-மும் சேர்ந்து என் தலையில்தான்.

ஆகவே, அட்வான்ஸ் உங்கள் பணம் இல்லை. வாங்கிய அன்றே அதை எஃப்டியில் போட்டுவிடுங்கள். 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. அதன்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாத ஒப்பந்தம்தானே என்று பதியாமல் விடாதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் காலி செய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்த உரிமை கிடையாது. நான் இப்போது மூன்று மாதம்தான் வாங்குகிறேன்.

அசோசியேஷன் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அந்தத் தம்பியின் பையன் கார் நிறுத்தும் இடத்தில் சைக்கிள் ஓட்டினான் என்று, "வாடகைக்கு இருக்கிறவங்க பிள்ளைங்களைக் கீழே விட வேண்டாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். சொந்த வீட்டுக்காரர் பிள்ளைகள் அதே இடத்தில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பராமரிப்புக் காசை ஒழுங்காகக் கட்டியது அந்தக் குடும்பம். நான் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், பதில் இல்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

சரி, கடன் விஷயம். 2020-ல் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதத்துக்கு இறங்கியபோது என் வங்கியில் எழுதிக் கொடுத்து ரெப்போவோடு இணைந்த கடனுக்கு மாறிக்கொண்டேன். பிறகு 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் அந்த ரெப்போ 6.5 ஆனது. என் தவணை கூடவில்லை, மாதங்கள்தான் நீண்டன. ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று வங்கி நம்மைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேளுங்கள். மாறும் வட்டிக் கடனில் முன்கூட்டியே கட்ட அபராதம் இல்லை. போனஸ் வந்தால் அங்கே போடுங்கள்.

வரியில் மிச்சமாகும் என்றும் சொல்வார்கள். வாடகை வருமானத்தில் 30 சதவீதமும் வட்டியும் கழியும், உண்மைதான். ஆனால் வட்டி வாடகையை மிஞ்சி அதில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிப்பது பழைய வரி முறையில்தான், அதுவும் வருடத்துக்கு 2 லட்சம் வரை. புதிய முறையில் அது கிடையாது.

உங்கள் எட்டு லட்சத்துக்கு வருகிறேன். ஒன்றரை லட்சத்தை வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களுக்காகத் தொடாமல் வையுங்கள். மிச்சம் ஆறரை. வங்கி 80 சதவீதம் தந்தால், உங்கள் பங்கு 20, பத்திரச் செலவு 9, ஆக 29 சதவீதம் கைக்காசு. இந்தப் பணத்துக்கு 22 லட்சம் வரையிலான வீடுதான் தாங்கும். அந்த விலையில் நல்ல வீடு அமைந்தால் வில்லங்கச் சான்றிதழும் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) தாய்ப்பத்திரமும் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) வக்கீலிடம் காட்டி வாங்குங்கள். புரோக்கர் 40 லட்ச ஃபிளாட்டைக் காட்டினால், வாடகைக்கும் தவணைக்கும் நடுவில் விழும் தொகையை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருப்பவர்களிடம் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.