டாக்டருக்குப் படித்த மகள் நிர்வாகத்துக்குப் போகிறேன் என்கிறாளே!

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பயிற்சி மருத்துவராக இருக்கிறாள். மேற்படிப்புக்குத் தயாராக வேண்டிய நேரத்தில், "நான் மருத்துவமனை நிர்வாகம் படிக்கப் போகிறேன், ஒருநாள் ஒரு மருத்துவமனையை நடத்த வேண்டும்" என்கிறாள். "இத்தனை வருஷம் ராப்பகலாகப் படித்தது எல்லாம் கணக்குப் பார்க்கும் வேலைக்காகவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. அவளுடைய மதிப்பெண்ணுக்காக நீங்களும் சேர்ந்து கண்விழித்திருப்பீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் ஆசைப்படுவது நல்ல இடத்துக்குத்தான். ஆனால் அங்கே போகும் வழியில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறாள். அந்தப் படியைத்தான் நான் பேச விரும்புகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையின் கொள்முதல் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. கையுறை வாங்குவது பற்றிப் பேச்சு. புதிதாக வந்த நிறுவனம் விலையைக் கணிசமாகக் குறைத்துக் கொடுத்திருந்தது. தாளில் பார்த்தால் நல்ல சேமிப்பு, எல்லோரும் தலையாட்டினார்கள். தலைமை நாற்காலியில் இருந்தவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். அவர் எதுவும் பேசாமல் மாதிரிப் பெட்டியைத் திறந்து ஒரு கையுறையை எடுத்து மாட்டினார். மணிக்கட்டில் இழுத்துவிட்டபோது பெருவிரல் பக்கம் கிழிந்தது. இன்னொன்றை மாட்டினார், அதுவும் கிழிந்தது. பக்கத்தில் இருந்த மூத்த நர்ஸிடம், "வார்டில் இதைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள், சிஸ்டர்?" என்று கேட்டார். "ரெண்டு ரெண்டா போடுவோம் சார்" என்றார் அவர். சேமிப்புக் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

கொள்முதல் அதிகாரி திறமை இல்லாதவர் அல்ல. அவர் பார்த்தது விலைப்பட்டியலை. அந்த மருத்துவர் பார்த்தது ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் வடியும் ஒருவரின் பக்கத்தில் நிற்கும் நர்ஸின் கையை. அந்த இடத்தில் தானே நின்றிருந்ததால்தான் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியது. மருத்துவர் தலைமையின் மதிப்பு என்ன என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கிழிந்த கையுறைதான்.

மருத்துவர் நடத்தினால் மருத்துவமனை நன்றாக இருக்கும் என்று அவள் நினைப்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2011-ல் அமாண்டா குடால் என்ற ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். புற்றுநோய், ஜீரண மண்டலம், இதயம் ஆகிய மூன்று துறைகளில் அமெரிக்காவின் தலைசிறந்த 100 மருத்துவமனைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் தலைமைச் செயல் அதிகாரியும் மருத்துவரா, இல்லையா என்று பார்த்தார். மருத்துவர் நடத்தும் மருத்துவமனைகளின் தர மதிப்பெண் சுமார் 25 சதவீதம் அதிகமாக இருந்தது. அவரே ஓர் எச்சரிக்கையும் சொல்கிறார்: மருத்துவர் தலைமையால்தான் தரம் உயர்ந்தது என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஏற்கெனவே சிறப்பாக இருக்கும் மருத்துவமனைகள் மருத்துவர்களைத் தேடித் தலைவர்களாக்கியும் இருக்கலாம். இதை உங்கள் மகளிடம் அப்படியே சொல்லுங்கள். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது, இது எப்படி நடக்கிறது என்பதுதான். மருத்துவமனையில் செலவையும் தரத்தையும் தீர்மானிப்பது பெரும்பாலும் மருத்துவரின் பேனா. எந்தப் பரிசோதனை, எந்த மருந்து, எத்தனை நாள் படுக்கை என்று எழுதுவது அவர்தான். அவர்கள் பழக்கத்தை மாற்ற வேண்டும் என்றால் சுற்றறிக்கை போதாது. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கான 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் அதைச் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. நோயாளியின் பெயரையும் அறுவை செய்யும் பக்கத்தையும் உரக்கச் சொல்வது, கடைசியில் பஞ்சையும் கருவிகளையும் எண்ணுவது என்று எல்லாமே சின்ன வேலைகள். ஆனால் இருபது வருட அனுபவம் உள்ள அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போய் "பேரைச் சத்தமாகச் சொல்லுங்கள்" என்று யார் சொல்வது? அலுவலகத்திலிருந்து வரும் காகிதம் என்றால் டிக் அடித்துத் தள்ளிவிடுவார்கள். "நானும் இதைச் செய்கிறேன், ஒருமுறை என் கைக்கும் தவறு வந்தது" என்று சக மருத்துவர் சொன்னால் காது கொடுப்பார்கள்.

தவறு என்றதும் இன்னொன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வர்ஜீனியா மேசன் என்ற மருத்துவமனைக்கு 2000-ல் தலைமையேற்றவர் டாக்டர் கேரி கேப்லன். 2002-ல் தன் குழுவோடு ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் கார் செய்வதைப் பார்த்தார். அங்கே சாதாரணத் தொழிலாளிகூட பிழையைக் கண்டால் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தச் சொல்லலாம். அதே உரிமையைத் தன் மருத்துவமனை ஊழியர்கள் எல்லோருக்கும் கொடுத்தார். அப்படியும் 2004-ல் ஒரு பெரிய தவறு நடந்தது. சிகிச்சைத் தட்டில் நிறமற்ற திரவங்கள், லேபிள் இல்லாமல் பக்கத்துப் பக்கத்துப் பாத்திரங்களில் இருந்தன. ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்கான மருந்துக்குப் பதிலாக, தோலைத் துடைக்கும் கிருமிநாசினி ஊசி வழியாக உடம்புக்குள் போய்விட்டது. அந்தப் பெண்மணி இறந்துவிட்டார். மருத்துவமனை மூடி மறைக்கவில்லை. தவறு எங்கள் மேல்தான் என்று ஊர் அறிய ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது; நோயாளி பாதுகாப்பையே முதல் இலக்காக வைத்துக்கொண்டது. அப்படி ஒரு நாளில் தலைமையில் இருப்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள் அம்மா. நோயாளியின் குடும்பத்தின் எதிரில் உட்கார்ந்து கெட்ட செய்தியை நேராகச் சொல்லிப் பழகியவராக இருந்தால் நல்லது. அந்தப் பழக்கம் வகுப்பறையில் வருவதில்லை.

அதற்காக, வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாம் நல்ல தலைவர் என்று நான் சொல்லவே மாட்டேன். மருத்துவப் படிப்பு ஒருவரைத் தனியாக, வேகமாக முடிவெடுக்கப் பழக்குகிறது. நிறுவனம் நடத்தும்போது அதுவே இடைஞ்சலாகும். அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றான கிளீவ்லாந்து கிளினிக்கை 1921-ல் தொடங்கியவர்கள் நான்கு மருத்துவர்கள். 2004 முதல் 2017 வரை அதை நடத்திய டாக்டர் டோபி காஸ்குரோவ் இதய அறுவையில் பெரிய பெயர் எடுத்தவர். 2006-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் அவர் பேசியபோது ஒரு மாணவி எழுந்தார். தன் தந்தைக்கு இதய வால்வு அறுவை தேவைப்பட்டதாகவும், உங்கள் மருத்துவமனையின் திறமை தெரிந்தும் அங்கே பரிவு இல்லை என்று கேள்விப்பட்டதால் வேறு இடத்துக்குப் போனதாகவும் சொல்லி, "உங்கள் டாக்டர்களுக்குப் பரிவைக் கற்றுத்தருகிறீர்களா?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி தன்னை உலுக்கிவிட்டது என்று பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நோயாளியின் அனுபவத்தைக் கவனிப்பதற்கென்றே ஓர் உயர் பதவியை உருவாக்கி, வாகனம் நிறுத்தும் இடத்தில் நிற்பவர் வரை எல்லோரையும் 'பராமரிப்பாளர்' என்றே அழைக்கத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான இதயங்களைத் தொட்ட கைக்கும் கற்றுக்கொள்ள வேண்டியது பாக்கி இருந்தது.

அதனால்தான் எனக்கு மேயோ கிளினிக் என்ற இன்னொரு அமெரிக்க மருத்துவமனையின் முறை பிடிக்கும். அங்கே மருத்துவர் தலைவராக இருப்பார். அவரோடு ஜோடியாக, நிர்வாகம் படித்த ஒருவர் இருப்பார். ஒருவருக்கு நோயாளி தெரியும், மற்றவருக்குப் பணமும் ஆட்களும் கட்டடமும் தெரியும். உங்கள் மகள் கனவு காண வேண்டியது இப்படி ஒரு ஜோடியில் பாதியாக இருப்பதை. எல்லாவற்றையும் தானே செய்யும் ராணியாக அல்ல. மருத்துவம் படிக்காத பல நிர்வாகிகள் மருத்துவமனைகளை அருமையாக நடத்துகிறார்கள். நர்ஸ் பணியிலிருந்து உயர்ந்து நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அவர்களை மதிக்கத் தெரியாத டாக்டர் அந்த நாற்காலிக்கு வராமல் இருப்பதே நல்லது.

இப்போது அந்தப் படிக்கு வருகிறேன். நேற்றுப் பட்டம் வாங்கி, இன்று நிர்வாகப் படிப்பில் சேர்ந்தால், அவள் கையில் இருப்பது மருத்துவர் என்ற பெயர் மட்டும்தான். நான் மேலே சொன்ன மதிப்பு எதுவும் அந்தப் பெயரில் இல்லை. வார்டில் கழித்த வருடங்களில் இருக்கிறது. இரண்டு வருடம் நோயாளியைப் பார்த்தவர், பதினைந்து வருடம் பார்த்தவரிடம் "இப்படி மாற்றுங்கள்" என்றால் எடுபடாது. எனவே என் பரிந்துரை: மேற்படிப்பை முடிக்கட்டும். எந்தத் துறை என்பது அவள் மனம் போல. ஆனால் மயக்கவியல், அவசர சிகிச்சை, தொற்றுநோய், பொது மருத்துவம் போன்றவை மருத்துவமனையின் எல்லா மூலைகளையும் காட்டும். அதன்பின் ஏழெட்டு வருடமாவது முழுநேரம் நோயாளிகளோடு இருக்கட்டும்.

அந்த வருடங்களில் நிர்வாகத்தை ஒத்திப்போட வேண்டியதில்லை. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு, மருந்துக் குழு, ட்யூட்டி பட்டியல் போடும் வேலை என்று யாரும் விரும்பாத பொறுப்புகள் எல்லா இடத்திலும் உண்டு. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். பத்துப் பேரின் ராத்திரி ட்யூட்டியை யாரும் மனம் கசக்காமல் போடத் தெரிந்தவளுக்கு ஆள் மேலாண்மையில் பாதி கைவந்துவிடும். பிறகு மருத்துவமனை நிர்வாகம், பொது சுகாதாரம், அல்லது எம்பிஏ என்று வேலையில் இருந்துகொண்டே படிக்கும் படிப்புகள் உண்டு. அந்த வயதில் பாலன்ஸ் ஷீட்டைப் பார்க்கும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு வார்டு தெரியும். இப்போது படித்தால் அது வெறும் பாடம்.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடுவில் சில வருடங்கள், முழுநேரம் நோயாளிகளைப் பார்க்கும் தோழிகளைவிட அவள் கையில் குறைவாக வரலாம். அதற்குத் தயாராக இருங்கள். இன்னொரு நிபந்தனையும் அவளிடம் வாங்கிக்கொள்ளுங்கள்: எவ்வளவு பெரிய பதவிக்குப் போனாலும் வாரத்தில் அரை நாளாவது நோயாளிகளைப் பார்க்க வேண்டும். பதவியை விட்டு வர நேர்ந்தால் திரும்பிப் போக ஒரு தொழில் கையில் இருக்கும். அதைவிட முக்கியம், புறநோயாளி வரிசை எவ்வளவு நீளம் என்பதை அறிக்கை வழியாக அல்லாமல் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளிடம் சண்டை போட வேண்டாம் அம்மா. அதற்குப் பதில் ஒரு சின்ன வேலை கொடுங்கள். இந்த மாதம் தன் வார்டில் பத்து நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கட்டும். "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் சொன்ன நேரம், டிஸ்சார்ஜ் சம்மரி கையெழுத்தான நேரம், பில் வந்த நேரம், மருந்து வந்த நேரம், படுக்கை காலியான நேரம் என்று ஐந்து நேரங்களைக் குறிக்கட்டும். பொழுது எங்கே வீணாகிறது, யாரால், ஏன் என்று நர்ஸிடமும் பில் கவுண்டரில் இருப்பவரிடமும் கேட்டு எழுதட்டும். அதே நேரத்தில் கீழே அவசரப் பிரிவில் படுக்கைக்காக எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும். அந்த வேலை அவளுக்குச் சலிப்பாக இருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லட்டும். அடுத்த முறை இருவரும் வரும்போது அந்தத் தாளை மறக்காமல் எடுத்து வாருங்கள். அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.