டயர் கொலையும் மக்கள் நீதிமன்றமும் ஒன்றா?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் 1980-களில் கழுத்தில் டயர் மாட்டி எரித்த கொலைகளைப் பற்றி செமினார் பேப்பர் எழுத வேண்டும். மக்கள் நீதிமன்றங்கள் கொடுத்த தண்டனை என்று எழுதலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அப்படி எழுதாதீர்கள். அந்த ஒரு வரியிலேயே பேப்பர் சறுக்கிவிடும்.

வெள்ளை அரசின் போலீஸையும் கோர்ட்டையும் கறுப்பினக் குடியிருப்புகளில் யாரும் நம்பாத நாட்களில்தான் தெருக் கமிட்டிகளும் மக்கள் நீதிமன்றங்களும் முளைத்தன. ஜோஹன்னஸ்பர்க் அருகேயுள்ள அலெக்ஸாண்ட்ரா குடியிருப்பில் அவை திருட்டையும் வீட்டுச் சண்டையையும் தீர்த்து வைத்தன. சில ஊர்களில் சவுக்கடி, அதைவிடக் கொடியதும் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் டயர் கொலைகளில் பல, விசாரணை என்ற பேச்சே இல்லாமல், 'உளவாளி' என்று யாரோ கை நீட்டியதும் நடந்து முடிந்தவை.

ஜோஹன்னஸ்பர்க்குக் கிழக்கே உள்ள டுடூசா என்ற கறுப்பினக் குடியிருப்பில் தொடங்குங்கள். ஜூன் 1985-ல், வெள்ளை ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்த போலீஸ் ஏஜென்ட் ஜோ மாமசேலா அந்த வட்டார இளைஞர்களுக்குக் கையெறி குண்டுகள் கொடுத்தார். பாதுகாப்பு ஊசியை இழுத்த நொடியே வெடிக்கும்படி முன்பே திருத்தப்பட்டவை அவை. பல பேர் செத்தார்கள். காட்டிக்கொடுத்தது யார் என்று ஊரே தேட ஆரம்பித்தது. ஜூலை 10-ல் ஒருவரைக் கும்பலிடமிருந்து பிஷப் டெஸ்மண்ட் டூட்டூ இழுத்துக் காப்பாற்றினார். பத்தே நாளில், அதே ஊரில், ஒரு சவ அடக்கத்துக்கு வந்த மாக்கி ஸ்கோசானாவைக் காப்பாற்ற யாரும் இல்லை. அவர் உளவாளியே அல்ல. கேமராவில் பதிவான அந்தக் கொலையை அரசுத் தொலைக்காட்சி காட்டியது, குண்டுச் சதி மட்டும் பல வருடம் வெளியே வரவில்லை. பின்னாளில் போலீஸ் தலைவரான யோஹான் வான் டெர் மெர்வ, நிறவெறி ஆட்சிக்கால வன்முறைகளை 1990-களில் விசாரித்த உண்மை ஆணையத்தின் முன் பொதுமன்னிப்பு கேட்டு விண்ணப்பித்தபோதுதான் அந்தச் சதிக்கான பொறுப்பை ஒப்புக்கொண்டார்.

அப்புறம், நெல்சன் மண்டேலாவின் அப்போதைய மனைவி வின்னி, தீப்பெட்டிகளாலும் டயர்களாலும் நாட்டை விடுவிப்போம் என்ற 'தீப்பெட்டி' பேச்சைக் காரணமாக வைக்காதீர்கள், எல்லோரும் செய்கிற தப்பு இது. அவர் பேசியது ஏப்ரல் 1986-ல். யூட்டன்ஹேகில் கவுன்சிலர் கினிகினி கொல்லப்பட்டது மார்ச் 1985-ல், அதே ஊரின் லாங்கா குடியிருப்பில் போலீஸ் மக்களைச் சுட்டு 2 நாள் கழித்து. பேச்சு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது, சரி, ஆனால் பற்றவைத்தது அதுவல்ல.

ஆணையத்தின் அறிக்கையும் சாட்சியங்களும் இணையத்தில் இலவசம். ஒரே சம்பவத்துக்கு, பாதிக்கப்பட்டவர்களின் சாட்சியத்தையும் போலீஸாரின் பொதுமன்னிப்பு விசாரணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த எண்ணிக்கை கிடைத்தாலும் எண்ணியது யார் என்று எழுதுங்கள். தலைப்பையும் 'டுடூசா, ஜூன்–ஜூலை 1985' என்று குறுக்கிவிடுங்கள். ஒரு செமினாருக்கு அந்த ஒரு ஊரே தாராளம்.