பிரிய மறுக்கும் நஞ்சு: மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

இரண்டு சிசேரியன் ஆகிவிட்டது. இப்போது ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு (பிளாசென்டா) கர்ப்பப்பை வாயை மூடி, பழைய தழும்பின்மேல் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். பக்கத்து நர்சிங் ஹோமிலேயே பிரசவம் பார்க்கலாமா?
வாசகி, நெல்லிக்குப்பம்

வேண்டாம் அம்மா. ஐந்தாம் மாதத்தில் கீழே இருக்கும் நஞ்சு பலருக்குப் பின்னர் மேலேறிவிடும். ஏறாமல் நின்றுவிட்டால், உங்களைப் போல் இரண்டு சிசேரியன் ஆனவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு அது தழும்புக்குள் வேர்விட்டிருக்கும். ஒரு சிசேரியன் என்றால் பத்தில் ஒருவருக்கு. நஞ்சு எளிதாக உரிந்து வர உதவும் மெல்லிய படலம் தழும்பில் சரியாக வளர்வதில்லை என்பதே காரணம். அனுபவமுள்ளவரிடம், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். 32 வாரத்தில் மறுபடியும் பாருங்கள்.

24 மணி நேர ரத்த வங்கி, மயக்க மருத்துவர், சிறுநீரக அறுவை மருத்துவர், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ் உள்ள இடம் வேண்டும். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை அப்படி ஒன்று. இப்போதே பதிவு செய்யுங்கள். நள்ளிரவில் ரத்தம் போகத் தொடங்கிய பிறகு 108-ல் ஏறி, பாதி வழியில் எந்த மருத்துவமனை என்று யோசிக்கக் கூடாது.

ரத்தப்போக்கை எப்படிக் கட்டுப்படுத்துவார்கள்? கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?
ஒரு வாசகியின் கணவர், வில்லியனூர்

நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. வழக்கமாக நஞ்சு பிரிந்ததும் தசை இறுகி, குழாய்களின் வாயை நெரித்து அடைத்துவிடும். வேர்விட்ட நஞ்சைப் பிடுங்கினால் பாதி வரும், பாதி நிற்கும். தசை இறுகாது, குழாய்கள் திறந்தே கிடக்கும். எனவே முதல் விதி, நஞ்சை இழுக்காதே. நஞ்சில்லாத மேல்பகுதியில் கீறிக் குழந்தையை எடுத்து, தொப்புள்கொடியைக் கட்டிவிட்டு, நஞ்சை உள்ளேயே விட்டுக் கர்ப்பப்பையைத் தைத்துவிடுவோம். பிறகு நஞ்சோடு சேர்த்தே கர்ப்பப்பையை அகற்றுவதுதான் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு.

கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் இடுப்பு உள்தமனியைக் கட்டுவது, அதை உள்ளிருந்து அடைக்கப் பலூன் வைப்பது எல்லாம் உண்டு. பலூனால் கிடைக்கும் பலன் குறித்து ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் இருக்கிறது. கேரளத்தின் டாக்டர் பைலி உருவாக்கிய, உடலின் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் சற்று நேரம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கைக்கு அவகாசம் தருகிறது. எனக்குப் பிடித்த கருவி. ஆனால் பழகிய கை வேண்டும்.

வேர் சிறிய இடத்தில் மட்டும் இருந்தால் அந்தப் பகுதியை வெட்டித் தைத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்றலாம். நஞ்சை உள்ளேயே விட்டுவைத்தால் கரைய மாதக்கணக்காகும். இடையில் சீழோ திடீர் ரத்தப்போக்கோ வரலாம். அடுத்த குழந்தை வேண்டுமா என்பதை அறுவைக்கு முன்பே உங்கள் மனைவியிடம் பேசி முடிவெடுங்கள். மேசையில் வைத்துக் கேட்கிற கேள்வி அல்ல அது.

ரத்தத்துக்கு என்ன ஏற்பாடு செய்வது?
வாசகர், பண்ருட்டி

இரண்டு மூன்று லிட்டர் போவது இதில் அரிதல்ல. தயார் செய்த யூனிட்டுகள் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். சிவப்பணுக்கள் மட்டும் போதாது, பிளாஸ்மாவும் தட்டணுக்களும் தேவை. நெகட்டிவ் வகை என்றால் இன்றே கொடையாளர்களைத் தேடுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் மாத்திரையை நம்பிக் காத்திராமல், நரம்பு வழி இரும்புச்சத்து பற்றிக் கேளுங்கள்.

ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மருந்து போட்டால் போதாதா?
செவிலியர், கடலூர்

போதாது. ஒரு கிராம், ரத்தப்போக்கு தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் நல்ல துணை. திறந்த தமனியை அது அடைக்காது.

35 வாரத்தில் எடுக்கலாம் என்கிறார்கள். மருமகளுக்கு நல்ல நாள் பார்க்கலாமா?
மாமியார், கடலூர் முதுநகர்

34 முதல் 36 வாரத்துக்குள் எடுப்பதே வழக்கம். வலி வந்து அவசரமாக ஓடுவதைத் தவிர்க்க. அந்த நாட்களுக்குள், ரத்தப்போக்கு இல்லாவிட்டால், நாள் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முகூர்த்தம் மட்டும் கேட்காதீர்கள், அம்மா. முழுக் குழுவும் ரத்த வங்கி ஊழியர்களும் கையில் இருக்கும் வேலைநாள் காலை, ராகுகாலமே ஆனாலும், எனக்குச் சுபமுகூர்த்தம்தான்.