பைதன் அடிப்படை தெரியும்; சாளரமும் பொத்தான்களும் உள்ள மேசைக்கணினி மென்பொருள் எழுத எங்கிருந்து தொடங்குவது?

உயர்தரத்தில் பைதன் படித்ததாகவும், மடக்குகளும் பட்டியல்களும் கைவந்துவிட்டதாகவும், ஆனால் எழுதியவை எல்லாம் கறுப்புத் திரையிலேயே ஓடி முடிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் காரைதீவில் அதே பாடத்தைப் படித்துவிட்டு அதே இடத்தில்தான் நின்றேன். சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் கொள்வனவுக் கணக்கை வைத்திருக்கும் மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்தபோதுதான் எனக்கு இந்தக் கலை பிடிபட்டது. ஆகவே அந்த வேலையை வைத்தே பதில் சொல்கிறேன்.

சாளரத்தையும் பொத்தான்களையும் வரைந்து தரும் கருவித்தொகுதிகளில் எதைப் படிப்பது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கறுப்புத் திரையில் செய்நிரல் கேட்கும், மனிதர் பதில் சொல்வார். முதலில் விவசாயியின் பெயர், அடுத்து மூடை எண்ணிக்கை, அதன் பின் நிறை என்று வரிசையை நாமே வகுத்துவிடுகிறோம். சாளரம் வந்தவுடன் அந்த அதிகாரம் பாவனையாளரின் கைக்கு மாறுகிறது. அவர் நிறையை முதலில் இடலாம், பெயரைப் பாதியில் விட்டுவிட்டுப் பழைய பற்றுச்சீட்டைத் தேடலாம், ஒன்றும் செய்யாமல் தேநீர் குடிக்கவும் போகலாம். செய்நிரலின் வேலை அதுவரை காத்திருப்பதும், அவர் எதைத் தொடுகிறாரோ அதற்குரிய செயற்கூற்றை மட்டும் இயக்குவதுமாகும். அத்தகைய கருவித்தொகுதிகளில் ஒன்றான டிகேஇன்டரில் கடைசி வரியாக நாம் எழுதும் மெயின்லூப் என்பது இந்தக் காத்திருப்புத்தான். விசை அழுத்தல், சுட்டிச் சொடுக்கு, சாளரத்தை மீண்டும் வரையும் கட்டளை என்று வருபவற்றை வரிசையாக எடுத்துப் பகிர்ந்தளிக்கும் நிகழ்வு மடக்கு அது.

இந்த மாற்றம் மனத்தில் பதியாதவரை சிறிய பிழைகள்கூட நாட்கணக்கில் அலைக்கழிக்கும். பொத்தானை உருவாக்கும்போது எந்தச் செயற்கூறு இயங்க வேண்டும் என்று அதன் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிகளையும் சேர்த்துவிட்டால், சாளரம் திறப்பதற்கு முன்பே அந்தச் செயற்கூறு ஒருமுறை ஓடிவிடும். பின்னர் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. நான் இதைத் தேடி இரண்டு இரவுகளைக் கழித்தேன். "இப்போது செய்" என்பதற்கும் "அவர் கேட்கும்போது செய்" என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த இரண்டு அடைப்புக்குறிகளுக்குள் இருக்கிறது.

சாளரம் உறைந்து போவதும் இதே காரணத்தால்தான். மாத முடிவில் எல்லாக் கொள்வனவுகளையும் திரட்டி அறிக்கையாக அச்சிடும் பொத்தான் ஒன்றை ஆலைக்குச் செய்து கொடுத்திருந்தேன். அறிக்கை தயாராகும் வரை நிகழ்வு மடக்குக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் இருந்ததால் சாளரம் அசையவில்லை. ஏறக்குறைய ஐந்து விநாடிகள் பதில் வராவிட்டால் விண்டோஸ் அந்தச் சாளரத்தை வெளிறச் செய்து, பதிலளிக்கவில்லை என்று தலைப்பில் எழுதிவிடும். பொத்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்துக் கணக்குப்பிள்ளை மீண்டும் மீண்டும் அழுத்த, அந்த அழுத்தங்கள் வரிசையில் நின்று பின்னர் ஒவ்வொன்றாக நிறைவேறி, ஒரே அறிக்கை மூன்று தடவை அச்சாகி வந்தது. நேரம் எடுக்கும் வேலையைத் தனி இழைக்கு, அதாவது ஒரே செய்நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னோர் ஓட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த இழை சாளரத்தின் எந்த உறுப்பையும் நேரடியாகத் தொடக்கூடாது. முடிவை ஒரு வரிசையில் போட்டுவிட, முதன்மை இழை அதை அவ்வப்போது பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை தொடங்கியவுடன் பொத்தானைச் செயலிழக்கச் செய்து, "அறிக்கை தயாராகிறது" என்று ஒரு வரியையும் காட்டுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் கணக்குப்பிள்ளை காத்திருந்திருப்பார்.

கருவித்தொகுதிக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரங்களுக்கு டிகேஇன்டர் போதும். விண்டோஸில் பைதனை நிறுவும்போதே அதுவும் வந்துவிடும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் தனியாக நிறுவ வேண்டும். அதற்குப் பிறகு பைசைடு6 படிக்கச் சொல்வேன். அது 1995 இல் நோர்வேயில் வெளிவந்த க்யூட்டி தொகுதியின் பைதன் வடிவம். பைக்யூட்டியும் அதே தொகுதிதான் என்றாலும் அதன் உரிமம் கடுமையானது. மூலநிரலைத் திறந்து கொடுக்காமல் விற்பதென்றால் பணம் கட்டி உரிமம் பெற வேண்டும். சாதாரண தரத்தில் பஸ்கால் படித்தது இன்னும் மறக்கவில்லையானால், பொத்தான்களை இழுத்துப் போட்டுச் சாளரம் அமைக்கும் இலவசக் கருவியான லசாரஸும் நல்ல வழிதான். வலைப்பக்கம் எழுதும் முறையிலேயே மேசைக்கணினி மென்பொருள் எழுத உதவும் எலக்ட்ரானை இப்போது தொட வேண்டாம். ஒரு முழு உலாவியையே ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் அது வைத்து அனுப்புகிறது. ஆலைகளிலும் கடைகளிலும் இருக்கும் பழைய கணினிகளுக்கு அது பெரும் சுமை.

நம் ஊரில் இந்த வேலையைச் செய்பவர் தமிழைப் பற்றித் தனியாகக் கற்றே ஆக வேண்டும். நான் மிகுதியாகத் தடுமாறியது இங்கேதான். மட்டக்களப்பு என்ற சொல்லில் எட்டு எழுத்துகள் இருப்பதாக நாம் எண்ணுவோம். பைதனோ பன்னிரண்டு என்று சொல்லும், ஏனெனில் புள்ளியும் உகரக் குறியும், கணினிகள் எழுத்துகளைப் பதியும் பொதுமுறையான யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள். ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று கட்டம் அமைத்தால் பெயர் கடைசி எழுத்தை இழந்து "மட்டக்களப்" என்று திரையில் நிற்கும். அகரவரிசையும் அப்படியே. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்தின் அருகில் வைக்கப்பட்டிருப்பதால், சாதாரணமாக வரிசைப்படுத்தினால் தனபாலன் முன்னாலும் தம்பிராசா பின்னாலும் வருவார்கள். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்து. விவசாயிகளின் பெயர்ப் பட்டியலைக் கணக்குப்பிள்ளை பேரேட்டின் பழக்கத்தில் தேடுவார்; தம்பிராசா இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால், பதியப்படவில்லை என்றே எண்ணி இரண்டாவது தடவை பதிவார். ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கில் உள்ள இடத்தைக் கொடுக்கும் சிறிய செயற்கூறு ஒன்றை எழுதி, மெய்யெழுத்தை உயிர்மெய்க்கு முன்னால் நிறுத்திய பின்னரே பட்டியல் சரியானது. பழைய கோப்புகள் யூனிகோடைப் பின்பற்றாத பாமினி எழுத்துருவில் இருந்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.

உறுப்புகளை அடுக்குவதிலும் இதை நினைவில் வையுங்கள். இத்தனையாவது புள்ளியில் இந்தப் பொத்தான் என்று இடத்தை எண்ணால் கட்டிப்போட்டால், சிறிய ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த இடத்தில் "பற்றுச்சீட்டை அச்சிடு" அடங்காது. கட்டங்களாக அடுக்கும் கிரிட் முறையைக் கற்றுக்கொண்டால், எழுத்தின் நீளத்துக்கு ஏற்பச் சாளரம் தானாக விரிந்து கொடுக்கும். லினக்ஸில் டிகேஇன்டர் 8.6 தமிழ் உயிர்மெய்களைச் சேர்த்து வரையத் தடுமாறுவதும், க்யூட்டி அதைச் சரியாகச் செய்வதும் நான் பைசைடுக்கு மாறியதற்கு முதற்காரணம்.

இனிச் சொல்லப் போவதை எந்தப் பயிற்சிக் காணொளியும் எனக்குக் கற்பிக்கவில்லை. பெரும்போக அறுவடைக் காலத்தில், நெல் மூடைகளோடு லொறிகள் வாசலில் நிற்க, கணக்குப்பிள்ளையின் பின்னால் ஒரு முற்பகல் முழுவதும் நின்று பார்த்தேன். அவர் இடது கையில் துண்டுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எண்களைத் தட்டுகிறார். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான் அவரைச் சுட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். "தம்பி, கைய மவுசுக்கு எடுக்காம இத அடிச்சு முடிக்க ஏலாதா?" என்று கேட்டார். "ஏலும் காக்கா, நாளைக்கு மாத்தித் தாறன்" என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, தாவல் விசை கட்டங்களின் ஊடாகச் செல்லும் வரிசை, திரையில் அவை இருக்கும் ஒழுங்கில் அமையாமல், நான் அவற்றை நிரலில் உருவாக்கிய ஒழுங்கில் அமைந்திருந்தது. பெயரிலிருந்து ஈரப்பதனுக்கும், அங்கிருந்து மீண்டும் மேலே மூடை எண்ணிக்கைக்கும் அது தாவியது. டிகேஇன்டரில் பொத்தானை இடைவெளி விசை இயக்கும், உள்ளீட்டு விசை தானாக இயக்காது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். உருவாக்கும் வரிசையைத் திருத்தி, உள்ளீட்டு விசை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோய்க் கடைசிக் கட்டத்தில் சேமிக்கும்படி இணைத்தேன். மறுநாள் அவர் சுட்டியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு வேலை செய்தார். நான் எழுதிய எல்லா வரிகளிலும் அந்தச் சில வரிகளையே பெரிதாக மதிக்கிறேன்.

கணக்குகளைச் சாளரத்துக்குள் புதைக்காதீர்கள். ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டினால் எவ்வளவு கழிப்பது என்ற விதியை நான் முதலில் பொத்தானின் செயற்கூற்றுக்குள்ளேயே எழுதியிருந்தேன். ஆலை முதலாளி விதியை மாற்றியபோது மூன்று இடங்களில் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. தரவும் கணக்கும் ஓரிடத்தில், காட்சி வேறிடத்தில் என்ற இந்தப் பிரிவினையை, மாதிரி, காட்சி, கட்டுப்பாட்டாளர் என்று 1979 இலேயே செராக்ஸ் ஆய்வகத்தில் இருந்தபோது நோர்வேக் கணினி அறிஞர் ட்ரிக்வே ரீன்ஸ்காக் வகுத்துவிட்டார். சாளரத்தைத் திறக்காமலே கழிவுக் கணக்கைச் சோதிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நிரல் சரியாகப் பிரிந்திருக்கிறது. தரவைச் சேமிக்க எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் போதும். பைதனோடு சேர்ந்தே வரும், எல்லாம் ஒரே கோப்பு, மின்சாரம் நின்றாலும் ஒரு பதிவு முழுதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. ஓர் இழையில் திறந்த இணைப்பை மற்ற இழையில் பாவிக்கப் பைதன் விடாது என்பதை மட்டும் மறக்காமல், அறிக்கை இழைக்குத் தனி இணைப்பைத் திறந்துகொள்ளுங்கள்.

கடைசிப் படி, மென்பொருளைப் பைதன் இல்லாத கணினிக்குக் கொண்டுபோவது. பைஇன்ஸ்டோலர் என்ற கருவி எல்லாவற்றையும் கட்டி ஒரே கோப்பாகத் தரும். ஆனால் விண்டோஸுக்கான கோப்பை விண்டோஸிலேயே கட்ட வேண்டும். என்னுடையது லினக்ஸ் மடிக்கணினி என்பதால் நண்பர் ஒருவரின் கணினியில் கட்டி, பென்டிரைவில் ஆலைக்கு எடுத்துப் போனேன். நீங்கள் எழுதும் முதல் மென்பொருள் ஒரே ஒரு சாளரமும் மூன்று கட்டங்களும் கொண்ட கடன் கொப்பியாக இருந்தாலும், இந்தப் படிவரை கொண்டுபோய், பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அதை ஒரு வாரம் பாவிக்கும்போது அருகில் நின்று பாருங்கள்.