ஆவாரை வளர்ப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே (மணப்பாறை): ரோட்டோரம் பறித்த விதையைப் போட்டு ஒரு மாதம் ஆகிறது, ஒன்றுகூட முளைக்கவில்லையே?

விதையின் தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காதவரை அப்படியே கிடக்கும். உப்புத்தாளில் ஓரத்தை லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் உப்பியிருப்பதை மட்டும் எடுத்து ஊன்றுங்கள். செடி நிற்கப்போகிற இடத்திலேயே ஊன்றுவது நல்லது. ஆணிவேர் சீக்கிரம் ஆழமாக ஓடிவிடும், பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பட்டுப்போகும்.

கே (மதுரை): இலையெல்லாம் பச்சைப் புழு. வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா?

அடிக்காதீங்க! பக்கவாட்டில் கரும்புள்ளிகள் வரிசையாக ஓடி, அதையொட்டி வெளிறிய பட்டையும் இருந்தால், பச்சைச் சாயலோடு வெள்ளையாக விருட்டென்று பறக்குமே ஒரு வண்ணத்துப்பூச்சி, அதன் புழு. அது முட்டையிடத் தேடி வருவதே ஆவாரை, கொன்றை வகையறாவைத்தான். பாதிப் புழுவைக் குளவியும் தவிட்டுக்குருவியும் தின்றுவிடும், மொட்டையான கிளை மழைக்குத் துளிர்த்துவிடும். இலையில் ஓட்டையே விழக்கூடாது என்றால் குரோட்டன்ஸ் வையுங்கள்.

கே (சேலம்): பூத்துக் குலுங்குகிறது, ஆனால் தேன்சிட்டு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை சார்.

பூவில் தேன் இருந்தால்தானே வரும்? ஆவாரம்பூவில் மகரந்தம் மட்டும்தான். காலையில் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், பெரிய கருவண்டு மகரந்தப்பையைக் கட்டிப்பிடித்து 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவைக்கும், அந்த அதிர்வில்தான் பையின் நுனித் துளை வழியாகத் தூள் கொட்டும். தேன் இருப்பது இலையில். சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே குச்சிபோல நிற்கிற சின்னச் சுரப்பியில் கசியும், எறும்பு மேய்வது அதற்காகத்தான். தேன்சிட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆடாதொடை வைத்துவிடுங்கள்.

கே (கோவை): நர்சரியில் மஞ்சள் கொன்றையைத் தந்து, இதுவும் ஆவாரை மாதிரிதான் என்கிறார்கள்.

வாங்காதீர்கள். அது அமெரிக்கக் கண்டத்து மரம். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுக்குள் பரவி, வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. ஆவாரையா என்று தெரிய, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். காது மடல் போல அகலமான செதில் இருக்கும்.

கே (சென்னை): மாடியில் வளருமா?

பாதியாக வெட்டிய டிரம்மில் வளரும். முழு வெயில் வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கக்கூடாது, உரம் தேவையில்லை.

கே (ஈரோடு): பொங்கல் காப்புக்கட்டுக்குப் பறித்தால் செடி கெடுமா?

கெடாது, தாராளமாகப் பறிக்கலாம். கிளையை ஒடிக்காமல் நுனிக்கொத்தை மட்டும் கத்தரியுங்கள், பக்கக்கிளை விட்டு இன்னும் பூக்கும்.